எட்டுக் கதவு முதல் வகுப்பு

வளர்ந்த ஆண்கள் பொம்மை ரயில் வாங்கி அடுக்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அதைப் பொம்மை என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல் கிளம்புகிறது.

சனிக்கிழமை காலை எட்டேகால். ஜெர்னல் ஸ்கொயரில் எங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வான்மதி என்கிற பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே மளிகைக் கடை, மேலே நாங்கள். பெருங்காய வாசனை வாடகையில் சேர்த்தி. முதலாளி கயல், முப்பத்தெட்டு வயது. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பத்து வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு, இப்போது லைசென்ஸ் எடுத்துத் தனியாகத் துப்பறிகிறாள். நான் பிச்சுமணி, ஐம்பத்துநான்கு. பேங்க் கான்ட்ராக்ட் போனதிலிருந்து அவளுக்கு உதவியாளன். கார் ஓட்டுவேன், காபி போடுவேன், நியூ ஜெர்சியில் உள்ள அத்தனை தமிழ் வாட்ஸப் குரூப்பிலும் இருப்பேன்.

"அவர் எடுக்கலை மேடம்" என்றாள் வான்மதி. "அவருக்குப் பொய் சொல்லவே வராது. கல்யாணமான புதுசுல என் சாம்பார் நல்லா இல்லைன்னு எங்கம்மா முன்னாடியே சொன்ன மனுஷன்."

"அது பொய் வராதது இல்லைம்மா, விவரம் வராதது" என்றேன்.

கயல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் காபி போடப் போனேன்.

வான்மதி சொன்னதன் சாராம்சம் இது. அவள் கணவன் மகிழன், முப்பத்தாறு வயது, ஐ.டி. ஆசாமி. பதினோரு வருஷம் காத்திருந்து, மூன்று வாரத்தில் அவர்களுக்கு க்ரீன் கார்டு இன்டர்வியூ. மகிழனுக்கு ஒரு பைத்தியம் உண்டு: நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து ரயில்களின் பயணிகள் பெட்டிகளை அப்படியே சின்னதாகச் செய்து விற்கிறார்களே, அந்த மாடல் கோச்சுகளைச் சேர்ப்பது. எழுபத்தாறில் ஒரு பங்கு அளவு. அவனிடம் இருப்பதெல்லாம் ஆன்லைனில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஆறு பிளாஸ்டிக் கோச்.

அதே பைத்தியத்தின் பணக்கார வடிவம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. பெயர் ராமசுப்ரமணியன். மருந்துக் கம்பெனியில் வைஸ் பிரசிடென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டு பேஸ்மென்டில் கண்ணாடி அலமாரிகளுக்குள் நாற்பத்தோரு பித்தளைக் கோச். எல்லாம் அந்தக் காலத்து இங்கிலாந்துக் கைவேலை, எல்லாம் ஏதோ ஒரு பிரபு வீட்டு ஏலத்தில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார். வருஷத்துக்கு ஒரு தடவை ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவார். போன சனிக்கிழமை அந்த வைபவம் நடந்திருக்கிறது.

"நாளைக்கு அங்க பெரிய கண்காட்சி. இங்கிலாந்து ரயில் சங்கத்துக்காரங்க வந்து பார்க்கப் போறாங்களாம்" என்றாள் வான்மதி. "அதுக்கு முன்னாடி எங்களுக்கெல்லாம் காட்டினார். கிரேட் வெஸ்டர்ன்னு ஒரு கோச், சாக்லேட்டும் க்ரீமுமா பெயிண்ட், கூரைக்கு மேல இன்னொரு குட்டிக் கூரை. முதல் வகுப்பாம். 'இதுல உட்கார நம்ம தாத்தாக்களுக்கு யோக்கியதை கிடையாது'ன்னு அவரே பெருமையா சொன்னார்."

"பெருமையாவா?" என்றேன் சமையல் மூலையிலிருந்து.

"ஆமா சார். அப்பத்தான் இவர் கதவை எண்ணினார்."

கயல் நிமிர்ந்தாள். "எந்தக் கதவை?"

"கோச்சோட கதவை மேடம். அந்தக் காலத்துல ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவாம். முதல் வகுப்புன்னா அறை அகலமா இருக்கும், அதனால கதவு கம்மி. மூணாம் வகுப்புல நெருக்கி நெருக்கி வைப்பாங்க. 'அங்கிள், இதுல எட்டு கதவு இருக்கே, இது தேர்ட் க்ளாஸ் பாடி இல்லையா?'ன்னு கேட்டுட்டார். சந்தேகமாத்தான் கேட்டார்."

"எத்தனை பேர் முன்னாடி?"

"பதினாலு பேர்."

நான் காபியைக் கொண்டுவந்து வைத்தேன். விவரம் வராதது என்று நான் சொன்னது எவ்வளவு சரி என்று யாரும் பாராட்டவில்லை.

பிறகு எல்லாரும் மேலே பஜ்ஜி சாப்பிடப் போயிருக்கிறார்கள். மகிழன் மட்டும் போட்டோ எடுக்க ஏழு நிமிஷம் கீழே தனியாக நின்றிருக்கிறான். அன்று சாயங்காலமே போன் வந்தது: கோச்சைக் காணோம், நீதான் எடுத்தாய். திங்கட்கிழமை டவுன் போலீஸில் புகார். இன்று பகல் பன்னிரண்டுக்கு ஒரு ஆபீசர் வீட்டுக்கு வந்து, யார்மேல் சந்தேகம் என்று எழுதிக்கொள்ளப் போகிறார்.

"அதுக்குள்ள கோச் வந்து சேரலைன்னா இவர் பேரைச் சொல்லிடுவேன்னு சொன்னாராம்." வான்மதி மறுபடி மூக்கை உறிஞ்சினாள். "எடுக்காததை எங்கேர்ந்து மேடம் கொண்டுவர? திருட்டுக் கேஸ்ல பேர் வந்தா இன்டர்வியூ என்ன ஆகும்? பதினோரு வருஷம் மேடம். திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்காதோங்கற பயத்துல அவங்கப்பா செத்ததுக்குக்கூட ஊருக்குப் போகலை."

எனக்கு வாயில் வந்த ஜோக்கை விழுங்கிவிட்டேன். எப்போதாவது அப்படியும் செய்வேன்.

கயல் கேட்டாள்: "அந்தக் கோச்சை வைக்கிற பெட்டி இருக்குமே?"

"அதையும் காணோம் மேடம். 'ஒரிஜினல் பாக்ஸோட போயிருக்கு, ஸோ இது கலெக்டர் வேலைதான்'னு அவரே சொன்னார். பெட்டி போச்சுன்னா பாதி மதிப்பு போச்சாம்."

"பெட்டி எங்க இருந்தது?"

"மாடியில கெஸ்ட் ரூம் க்ளாஸெட்ல. எல்லாப் பெட்டியையும் நம்பர் போட்டு அங்கதான் அடுக்கியிருக்கார்."

கயல் காபியை ஒரே மூச்சில் குடித்தாள். "அப்ப உங்க மகிழன் ஏழு நிமிஷத்துல பேஸ்மென்ட்லேர்ந்து ஏறி, பதினாலு பேரைத் தாண்டி, மாடிக்குப் போய், நாற்பத்தோரு பெட்டியில சரியான பெட்டியை எடுத்துக்கிட்டு இறங்கியிருக்கணும்."

"வழியில ஒரு பஜ்ஜிகூட எடுக்காம" என்றேன். "நம்மாளால ஆகிற காரியமா?"

"உங்க வீட்டுல மகிழனோட கோச்செல்லாம் எந்தப் பெட்டியில இருக்கு?"

"ஒன் பெட்ரூம் அபார்ட்மென்ட் மேடம். பெட்டியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, மொத்தத்தையும் ஒரு ஷூ டப்பாவுல கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கார்."

"சரி. பெட்டியையும் கோச்சையும் பிரிக்க மனசு வராத ஆள் ஒருத்தர்தான். அவருக்கு ஏழு நிமிஷம் தேவையில்லை, நாள் முழுக்க நேரம் இருக்கு. ஏன்னா அது அவர் வீடு."

பதினாலு பேர் முன்னால் மூக்கு உடைந்த மனிதர், மூக்கை உடைத்தவனைப் பழிவாங்கக் கோச்சை ஒளித்து வைத்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம் என்று நானும் அப்போது நினைத்தேன்.

"ஆனா எங்க?" என்றாள் கயல். "போலீஸ் வரப்போற வீட்டுல வைக்க மாட்டார். குப்பையில போட மனசு வராது. பிச்சு சார், நம்ம ஜனங்க ஒரு சாமானை நாட்டை விட்டே அனுப்பணும்னா என்ன பண்ணுவாங்க?"

"யாராவது ஊருக்குப் போறாளான்னு கேப்பா."

சொன்ன வேகத்திலேயே போனை எடுத்தேன். தொள்ளாயிரம் பேர் இருக்கிற எங்கள் சென்ட்ரல் ஜெர்சி குரூப்பில் காலை வணக்கப் பூக்களையும், பழைய சோபா விளம்பரங்களையும், யாரோ தொலைத்த ஏர்பாடையும் தள்ளிக்கொண்டே போனதில் போன ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. காலை ஏழு பத்துக்கு வந்த மெஸேஜ். உரக்கப் படித்தேன்:

"இந்த வாரம் யாராவது சென்னை போகிறீர்களா? சின்னப் பார்சல், நானூறு கிராம், உறவினருக்கு மருந்து. ஏர்போர்ட்டில் வந்து வாங்கிக்கொள்வார்கள். தயவுசெய்து பெட்டியிலிருந்து பிரிக்க வேண்டாம்."

"அனுப்பினது யாரு?"

"சாந்தி ராமசுப்ரமணியன்." எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "அவர் ஆத்துக்காரி! மாமியா திருடினது?"

கயல் சிரித்தாள். "பிச்சு சார், ஊருக்குப் போற சூட்கேஸ்ல மருந்து எப்படிப் போகும்?"

"அட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, மாத்திரையை மட்டும் ஜிப்லாக்ல போட்டு."

"கரெக்ட். எடை குறையணும். அது நம்ம ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். எவளாவது மருந்துப் பெட்டியைப் பிரிக்காதீங்கன்னு எழுதுவாளா? போன் சாந்தி ஆன்ட்டியோடது. வார்த்தை வேற ஆளோடது."

கீழே ஒரு பதில் இருந்தது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் யாமினி: "எங்கம்மா சாட்டர்டே நைட் ஃப்ளைட். அரை கிலோ ஓக்கே ஆன்ட்டி."

சாட்டர்டே என்றால் இன்று.

*

டர்ன்பைக்கில் ஒன்பதாம் எக்ஸிட் எடுத்து யாமினியின் டவுன்ஹவுஸை அடைந்தபோது மணி பத்து. ஹாலில் இரண்டு சூட்கேஸ் வாயைப் பிளந்து கிடந்தன. அவற்றைச் சுற்றிக் காலி அட்டைப் பெட்டிகள் குன்றாகக் குவிந்திருந்தன. நடுவில் கையில் எடைக்கொக்கியோடு நின்றார் யாமினியின் அம்மா ராமாத்தாள், கோபிசெட்டிபாளையம். பேத்தி பிறந்ததற்கு வந்து ஆறு மாசம் இருந்துவிட்டுக் கிளம்புகிறவர்.

"வாங் கண்ணு. அந்தப் பொட்டிகள மிதிக்காம வாங்."

கயல் விஷயத்தைச் சொன்னாள். ராமாத்தாள் கொக்கியைக் கீழே வைத்தார்.

"மருந்துன்னு அந்தம்மா கொண்டாந்து குடுத்துச்சு. பாவம், நல்ல அம்மணி. ஆனாலும் அடுத்தவீக குடுக்கற பொட்டியப் பிரிச்சுப் பாக்காம நான் தூக்கிட்டுப் போவனா? ஏர்ப்போட்டுல புடிச்சு உள்ள வெச்சான்னா இவளா வந்து கூட்டிட்டுப் போவா?"

"அம்மா!" என்றாள் யாமினி.

"நீ சும்மா இரு. பிரிச்சா உள்ள மருந்தும் இல்ல மண்ணும் இல்ல, பொம்மை ரயிலு. சரி, ஏதோ கொழந்தைக்குப் போல, சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். எடை போட்டுப் பாத்தேன். ரயிலு இருநூத்தம்பது கிராமு, பொட்டி நூத்தம்பது. வெறும் அட்டைய எதுக்குக் கண்ணு நான் பிளேன்ல வெச்சுச் சொமக்கோணும்? கிழிச்சுப் போட்டேன்."

எனக்கு அந்த அம்மாளைக் கும்பிடலாம்போல் இருந்தது. பாதி மதிப்பு நூற்றைம்பது கிராமாகக் குப்பைக்குப் போய்விட்டது.

"ரயில் எங்கம்மா இருக்கு?" என்றாள் கயல்.

"பாதாம் பருப்புக்குள்ள. அடிபடாதில்லீங்."

மூன்று பவுண்ட் பாதாம் பைக்குள் கையை விட்டு ராமாத்தாள் அதை எடுத்தார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். பாதாம் தூள் ஒட்டிய சாக்லேட் பக்கங்கள், கூரைமேல் குட்டிக் கூரை, மயிரிழைத் தடிமனில் தங்கக் கோடுகள், உள்ளே கடுகளவு விளக்குகள். கதவை எண்ணினேன். எட்டு. ஒவ்வொரு கதவிலும் முதல் வகுப்பு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பொம்மை என்று இதுவரை சொன்னதற்குக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். கொஞ்சம்தான்.

"பெட்டி வேணும்" என்றாள் கயல்.

"ரீசைக்கிள் பின்ல" என்றாள் யாமினி. "திங்கட்கிழமைதான் எடுப்பாங்க."

எம்.சி.ஏ. படித்து, இருபது வருஷம் வங்கிக்கு ப்ரோகிராம் எழுதிய நான் கராஜில் ஒரு நீலத் தொட்டிக்குள் தலையை விட்டேன். பால் கேன், சீரியல் அட்டை, டயப்பர் பெட்டி, அதற்கும் கீழே நாலு துண்டாக அது. கருநீலத் துணி ஒட்டிய கெட்டி அட்டை. மூடியில் தங்க எழுத்தில் லண்டன், 1934. ராமாத்தாள் பிய்த்த பிய்ப்பில் உள்பக்கத்து வெல்வெட் தாள் உரிந்து தொங்கியது. அடியில், விறைப்புக்காக ஒட்டிய வேறொரு அட்டை. மஞ்சள் நிறம். அதில் எழுத்து இருந்தது.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நான் படித்தேன். படித்துவிட்டு மறுபடி படித்தேன்.

"மேடம், 1934-ல லண்டன்ல ஆவணி மாசம் சுபமுகூர்த்தம் வெச்சா யாருக்காவது பொண்ணு குடுப்பாளா?"

ராமாத்தாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அட, கல்யாணப் பத்திரிக்க! நிகழும் மங்களகரமான... இதென்ன, மாப்பிள்ளப் பேரு ரெண்டுதரம் வந்திருக்கு. தப்பா அடிச்சு ஒதுக்குன அட்டையாட்ட இருக்குது."

"மண்டபம் பெரம்பூர்" என்றாள் கயல் மெதுவாக. "கீழ பத்து இலக்கத்துல செல் நம்பர்."

பிறகு கயல் கேட்டாள்: "சென்னையில இதை யார் வாங்கிக்கறதா இருந்தது?"

ராமாத்தாள் ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து, மடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்தார். கோபாலசாமி, பெரம்பூர். கூடவே நம்பர்.

அங்கே இரவு எட்டு மணிதான். கயல் ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் டி.வி. சத்தத்தோடு ஒரு குரல் வந்தது.

"யாருமா, அமெரிக்காவா? ராமு சார் வூட்லேர்ந்தா? பார்சல் ஏத்திட்டீங்களா?"

"இன்னிக்கு ஏத்தறோம் சார். என்ன வேலைன்னு மட்டும் சொல்லுங்களேன், குறிச்சுக்கறேன்."

"கதவு வேலைமா. எட்டு கதவு ஆறாவணும். சைடு மொத்தமும் புச்சா கட்டணும். நான் அப்பவே சொன்னேன், சார், நீங்க அனுப்புன டிராயிங் தேர்ட் க்ளாசு, அதுமேல ஃபர்ஸ்ட்னு எழுதச் சொல்றீங்களேன்னு. 'எழுதுய்யா, எவன் எண்ணப் போறான்'னாரு. இப்ப எவனோ எண்ணிட்டான் போல." சிரித்தார். "எண்ணுனவனுக்குக் கண்ணு இருக்குதும்மா."

"நீங்க சாருக்கு மொத்தம் எத்தனை கோச் பண்ணியிருக்கீங்க?"

"நாப்பத்தொண்ணு. பன்னண்டு வருசமா. பொட்டிகூட நம்ம மச்சான்தான், இங்க பாரீஸ் கார்னர்ல கல்யாணப் பத்திரிக்க அச்சாபீஸ் வெச்சிருக்கான்." குரல் கொஞ்சம் தயங்கியது. "ஏம்மா, அங்க பாக்கறவங்கள்லாம் என்ன சொல்றாங்க? சார் ஒண்ணுமே சொல்ல மாட்டாரு. நல்லாருக்குன்னாவது சொல்றாங்களா?"

கயல் அந்தத் தங்கக் கோடுகளை ஒரு தடவை பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க சார்" என்றாள் பிறகு. "இங்க வேற ஒரு நாட்டுல பண்ணதுன்னே நினைச்சுட்டிருந்தாங்க."

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபத்தில் அட்டைக் குன்றை ஓர் உதை விட்டேன். பிரபுவாம், லண்டனாம், ஏலமாம்! பன்னிரண்டு வருஷம் ஒரு மனிதனின் கண்ணையும் கையையும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு, அவன் பேரைச் சொல்ல நா கூசியிருக்கிறது. அதை மறைக்க இன்னொருவனைத் திருடன் ஆக்கவும் துணிந்திருக்கிறது.

"கோச் திருட்டுப் போச்சுன்னா யாரும் கதவை எண்ண முடியாது" என்றாள் கயல். "ரெண்டு மாசம் கழிச்சு ஆறு கதவோட 'கண்டுபிடிச்சு' வைக்கலாம். மகிழன் சொன்னது பொய்யாயிடும். மகிழனும் திருடன் ஆயிடுவார். வாங்க, மணியாச்சு."

*

ராமசுப்ரமணியன் வீட்டு பேஸ்மென்டில் செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் கழற்ற வேண்டும். தரைவிரிப்பு இங்கிலீஷ் கம்பளமாம். மே மாதப் புழுக்கத்தில் மனிதர் கம்பளி வெயிஸ்ட்கோட் போட்டு, அதில் சங்கிலிக் கடிகாரம் தொங்கவிட்டிருந்தார். சாந்தி மாமி படிக்கட்டின் உச்சியில் நின்று, "காபி?" என்றார். "நாட் நௌ" என்று அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

கயல் வரச் சொல்லியிருந்ததால் மகிழனும் வான்மதியும் எங்களுக்கு முன்பே வந்து சுவர் ஓரமாக நின்றார்கள். மகிழன் ஒல்லி. ஒரு வாரம் தூங்காத கண்கள்.

கயல் ஜிப்லாக் பையை மேஜைமேல் வைத்தாள். உள்ளே கோச், துணைக்கு நாலு பாதாம்.

ராமசுப்ரமணியன் பாய்ந்து வந்தார். பையைப் பறித்து உள்ளே பார்த்தார். "பெட்டி எங்க?" என்றார்.

"காணாமப் போன சாமான் கிடைச்சா, எங்க கிடைச்சதுன்னுதான் சார் கேப்பாங்க. நீங்க பெட்டியைக் கேக்கறீங்க" என்றாள் கயல். நாலு துண்டையும் வரிசையாக எடுத்து வைத்தாள். மஞ்சள் அட்டை மேல் பார்க்க இருந்தது. "இந்தாங்க. லண்டன், 1934, ஆவணி மாசம்."

அவர் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்.

"நானும் பார்க்கலாமா?" என்று மகிழன் கேட்டான். கேட்டுக்கொண்டே குனிந்து கோச்சைப் பார்த்தான். இந்த ஒரு வாரம் அவனை நாசம் பண்ணிய சாமானை, ஒரு பச்சைக் குழந்தையைப் பார்க்கிறாற்போல் பார்த்தான். "கோடு எல்லாம் கையால இழுத்திருக்காங்க. இது யார் பண்ணினது மேடம்?"

"பெரம்பூர் கோபாலசாமி. நாற்பத்தொண்ணும் அவர்தான்."

"மெதுவாப் பேசுங்கம்மா!" ராமசுப்ரமணியன் பதறினார். இங்கிலீஷ் எல்லாம் காணாமல் போய்விட்டது. "நாளைக்கு அவாள்லாம் வரா. இருபது வருஷமா எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. பெரம்பூர்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்கோ. என்ன வேணும்னாலும் பண்றேன்."

"எனக்கு உங்க ரயில் கதை வேண்டாம் சார். மகிழன் எடுக்கலை, யாரும் எடுக்கலைன்னு ஆபீசர் கையெழுத்துல எழுதணும். அவ்வளவுதான்."

"சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

சரியாகப் பன்னிரண்டுக்கு அழைப்பு மணி அடித்தது. ஆபீசர் இளவயது, ஆறடி. இவருக்கும் சாக்ஸைக் கழற்றச் சொல்வாரோ என்று ஆவலாகப் பார்த்தேன். சொல்லவில்லை. ஆபீசர் பூட்ஸோடு கம்பளத்தில் நின்று நோட்டைத் திறந்தார்.

ராமசுப்ரமணியன் வெயிஸ்ட்கோட்டைச் சரி செய்துகொண்டார். இங்கிலீஷ் திரும்பி வந்துவிட்டது.

"ஆபீசர், மிகவும் வருந்துகிறேன். பொருள் கிடைத்துவிட்டது. ஒரு குடும்பக் குழப்பம். என் மனைவி எனக்குச் சொல்லாமல் அதை எடுத்து இந்தியாவுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறாள். அவள் போனிலேயே அந்த மெஸேஜ் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். அவளுக்கு இதன் மதிப்பெல்லாம் தெரியாது. இந்த இளைஞரைப் பொறுத்தவரை, அவரும் அவளுக்கு உதவினாரா என்பது எனக்குத் தெரியாது. அதை நான் வற்புறுத்த விரும்பவில்லை."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. புரிந்ததும் உடம்பு எரிந்தது. மருந்து என்று சொல்லி மனைவி போனில் மெஸேஜ் போட வைத்ததும், பார்சலை அவள் கையாலேயே கொடுத்தனுப்பியதும் எதற்கு என்று இப்போது தெரிந்தது. அகப்பட்டால் நீட்டுவதற்கு ஒரு தலை தயாராக இருந்திருக்கிறது. மகிழன் பேரையும் நோட்டில் பாதித் திருடனாக ஏற்றியாகிவிட்டது. வான்மதி மகிழனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கயல் வாயைத் திறந்தாள்.

அதற்குள் படிக்கட்டில் காலடி கேட்டது. சாந்தி மாமி இறங்கி வந்துகொண்டிருந்தார். முந்தானையில் கையைத் துடைத்தபடி, ஒவ்வொரு படியாக. ஆபீசர் முன்னால் வந்து நின்றார். அவருடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை.

"ஆபீசர், நான் சாந்தி. நான் எதையும் எடுக்கவில்லை. என் கணவர் ஒரு பெட்டியைக் கட்டிக் கொடுத்து, மருந்து என்று சொன்னார். என்ன எழுத வேண்டும் என்றும் சொன்னார். நான் எழுதினேன். இந்தப் பிள்ளையும் எடுக்கவில்லை. உதவவும் இல்லை. யாருமே திருடவில்லை. என் கணவர் உங்களிடம் பொய் சொன்னார். இப்போதும் சொல்கிறார். தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்."

"சாந்தி!" என்றார் ராமசுப்ரமணியன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, மேல போ."

மாமி நகரவில்லை.

ஆபீசர் பேனாவை நோட்டின் மேல் நிறுத்திவைத்து, மாமியை உற்றுப் பார்த்தார். "மேடம், நீங்கள் சொல்வது பெரிய விஷயம். அவர் உங்கள் கணவர். பொய்தான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"முப்பத்துமூன்று வருஷம், ஆபீசர்" என்றார் சாந்தி மாமி. "எனக்குத் தெரியும்."

ஆபீசர் குனிந்து எழுத ஆரம்பித்தார். மகிழன் கம்பளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.